காந்தத்துக்குள் மீக்கடத்துத்திறனைக் கொண்டுவருவது எப்படி: ஆல்டர்மேக்னெட் முதல் மாயோரானா வரை ஒரு முழு வழிகாட்டி

காந்தமும் மீக்கடத்தியும் (மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள்) ஒத்துப்போகாது என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். சாதாரண மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் கூப்பர் இணைகளாகச் சேர்கின்றன: ஒன்றின் ஸ்பின் (எலக்ட்ரானின் குட்டிக் காந்தத் திசை) மேல்நோக்கி, மற்றதன் ஸ்பின் கீழ்நோக்கி, உந்தங்களும் எதிரெதிர். காந்தம் இரண்டு ஸ்பின்னையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும், இணை உடைந்துவிடும். இரும்புக்குள் நுழைந்த கூப்பர் இணை ஒன்றிரண்டு நானோமீட்டர் போவதற்குள் சிதைந்துவிடுகிறது.

ஆனால் காந்தம் என்றால் இரும்பு மட்டும்தானா? நிகரக் காந்தம் சுழியாக இருந்தும் எலக்ட்ரான் பட்டைகள் ஸ்பின் வாரியாகப் பிளந்து கிடக்கும் பொருள்கள் இருக்கின்றன. இவற்றில் கூப்பர் இணை உடைந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. சில இடங்களில் அது தாக்குப்பிடிக்கும், சில இடங்களில் வேறு வகை இணையாக மாறும், சூழல் சரியாக அமைந்தால் இடவியல் மீக்கடத்தியாகவும், அதாவது முனைகளில் மாயோரானா எனும் சிறப்பு நிலைகளைத் தாங்கும் மீக்கடத்தியாகவும் ஆகலாம் என்று கோட்பாடு சொல்கிறது. இந்த வேலையை ஆய்வகத்தில் தொடங்க நினைக்கும் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: விளைவைத் தேடிப் போகும் முன், அந்த விளைவு எங்கே மறையவேண்டும் என்பதை முடிவுசெய்துவிடுங்கள். மறையவேண்டிய இடத்தில் மறைகிறதா என்று பார்த்த பிறகுதான், தெரியவேண்டிய இடத்தில் தெரிவதை நம்பலாம்.

படி 1: எந்த வகைக் காந்தம்?

எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் இரண்டு துணை அணிக்கோவைகள் (அணுக்களின் உட்குழுக்கள்) உண்டு, ஒன்றில் ஸ்பின் மேலே, மற்றதில் கீழே. ஒன்றை நகர்த்தினால் மற்றதன் மேல் அப்படியே பொருந்தும் என்றால், பட்டைகளில் ஸ்பின் பிளவு வராது. நகர்த்துவதோ தலைகீழாக்குவதோ போதாது, சுழற்றினால்தான் பொருந்தும் என்றால் அது ஆல்டர்மேக்னெட். ஷ்மேக்கால், சினோவா, யுங்விர்த் ஆகியோர் 2022இல் இதைக் காந்தத்தின் தனி வகையாக முன்வைத்தார்கள். இதில் ஒரு திசையில் போகும் எலக்ட்ரானுக்கு மேல் ஸ்பின் ஆற்றல் குறைவாக இருக்கும், வேறொரு திசையில் கீழ் ஸ்பின் குறைவாக இருக்கும், மொத்தத்தில் கூட்டிப்பார்த்தால் சுழி. இந்தத் திசை மாற்றத்தின் வடிவத்தை வைத்து டி-அலை, ஜி-அலை, ஐ-அலை என்று பெயர்.

ஆல்டர்மேக்னெட்டில் ஓர் எலக்ட்ரான் முன்னே போனாலும் பின்னே போனாலும் அதே ஸ்பின்னுக்கு அதே ஆற்றல்தான். அதனால் முன்னே போகும் மேல் ஸ்பின்னுக்கும் பின்னே போகும் கீழ் ஸ்பின்னுக்கும் ஆற்றல் வேறுபடுகிறது, சாதாரணக் கூப்பர் இணைக்கு இது சிக்கல். பிளவு சுழியாகும் திசைகளில் மட்டும் அதற்குச் சிக்கல் இல்லை. பி-அலைக் காந்தம் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதில் ஸ்பின்கள் நேர்கோட்டில் நிற்காமல் சுருள்போல் அடுக்கப்பட்டிருக்கும். அங்கே முன்னே போகும் மேல் ஸ்பின்னும் பின்னே போகும் கீழ் ஸ்பின்னும் ஒரே ஆற்றலில் இருக்கின்றன, அதாவது கூப்பர் இணைக்கு வேண்டிய ஜோடி தயாராகவே இருக்கிறது. இரண்டும் நிகரக் காந்தம் இல்லாத பொருள்கள்தான், ஆனால் மீக்கடத்தியைப் பக்கத்தில் வைத்தால் நடந்துகொள்ளும் விதம் நேர்மாறு. தொடங்கும்போதே இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு வரும் பாதிக் குழப்பம் இதிலேயே தீரும்.

பொருள்களைப் பொறுத்தவரை மாங்கனீஸ் டெல்லூரைடும் குரோமியம் ஆன்டிமனைடும் ஜி-அலை ஆல்டர்மேக்னெட்டுகள். முதலாவது குறைக்கடத்தி, அதன் காந்த ஒழுங்கு ஏறக்குறைய 310 கெல்வின் வரை நிற்கும். இரண்டாவது உலோகத்தன்மை கொண்டது, 700 கெல்வினுக்கு மேலும் தாங்கும். பி-அலைக் காந்தத்துக்கு நிக்கல் அயோடைடில் 2025இல் சோதனைச் சான்று வெளியானது. முக்கோண வடிவில் ஸ்பின் அடுக்கு கொண்ட மாங்கனீஸ்-ஜெர்மானியம், மாங்கனீஸ்-வெள்ளீயம் சேர்மங்கள் இன்னொரு குடும்பம்.

படி 2: உங்கள் மாதிரி உண்மையிலேயே காந்தமா?

சிரிக்காதீர்கள், இந்தத் துறையில் பலரைத் தடுக்கிவிட்ட இடம் இதுதான். ருத்தேனியம் டைஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் நியூட்ரான் சோதனை அதை எதிர்ஃபெர்ரோ காந்தம் என்றது. அதை நம்பி ஆல்டர்மேக்னெட்டுக்கான முதல் உதாரணமாகவே அதை வைத்து எத்தனையோ கணக்கீடுகள், கருவிகள், கட்டுரைகள். பிறகு 2024இல் மியூவான் ஸ்பின் சோதனைகள், நல்ல தரமான படிகங்களில் காந்த ஒழுங்கே தென்படவில்லை என்று காட்டின. மெல்லிய படலங்களில் என்ன நடக்கிறது என்ற விவாதம் தனியாக ஓடுகிறது. இதே பொருளை டைட்டானியம் டைஆக்சைடு மேல் இறுக்கி வளர்த்தால் 2 கெல்வின் வாக்கில் மீக்கடத்தியாகிறது என்பதும் தெரிந்த விஷயம். ஆல்டர்மேக்னெட்டிலேயே தானாக வந்த மீக்கடத்துத்திறன் என்று ஆசையோடு சேர்த்துப் படிக்கத் தூண்டும், ஆனால் முதல் பாதியே ஆட்டம் காணும்போது அப்படிப் படிக்க முடியாது.

சரி, எப்படிச் சோதிப்பது? ஒரு முறையை மட்டும் நம்பவேண்டாம். நியூட்ரான் விளிம்புவிளைவு ஸ்பின் அடுக்கின் வடிவத்தைக் காட்டும், மியூவான் உள்ளூர்க் காந்தப்புலத்தைக் காட்டும், ஸ்பின் பிரித்தறியும் ஒளியுமிழ்வு நிறமாலை பட்டைப் பிளவை நேரடியாகக் காட்டும். மாங்கனீஸ் டெல்லூரைடு விஷயத்தில் 2024இல் ஒளியுமிழ்வு முறையில் பிளவைக் கண்டார்கள், அதற்கு முந்தைய ஆண்டே முரணிய ஹால் விளைவையும் (வெளிக் காந்தப்புலம் இல்லாமலே வரும் பக்கவாட்டு மின்னழுத்தம்) அளந்திருந்தார்கள். இப்படிப் பல பக்கத்திலிருந்தும் ஒத்துவந்த பொருளில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். எல்லா ஆய்வகத்திலும் நியூட்ரான் வசதி இருக்காது என்பது தெரியும். அப்படியென்றால் நன்கு அறியப்பட்ட பொருளை எடுங்கள், புதுப்பொருளுக்குப் போகாதீர்கள்.

அப்புறம் டொமைன், அதாவது ஸ்பின் அடுக்கு ஒரே மாதிரி நிற்கும் பகுதி. ஸ்பின் அடுக்கு தலைகீழாக இருக்கும் பகுதியில் பட்டைப் பிளவும் தலைகீழாக இருக்கும். உங்கள் கருவி பத்து டொமைன்களின் மேல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் சராசரியாகிச் சுழி ஆகிவிடும், நீங்கள் விளைவே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். மாங்கனீஸ் டெல்லூரைடை காந்தப்புலத்தில் வைத்துக் குளிரவைத்து டொமைன்களை ஒருபக்கமாகச் சாய்க்க முடியும். புலத்தைத் திருப்பிவைத்து மறுபடி குளிரவைத்தால் ஹால் மின்னழுத்தத்தின் குறி மாறவேண்டும். மாறவில்லை என்றால் அது காந்தத்தால் வந்த விளைவு இல்லை.

படி 3: படிக அச்சு

முடிந்தால் ஒரு நாள் முழுவதும் இதற்கே ஒதுக்குங்கள், காகிதமும் பென்சிலும் போதும். மாங்கனீஸ் டெல்லூரைடை அறுகோண அச்சு மேல்நோக்கி நிற்கும்படி படலமாக வளர்ப்பதுதான் சுலபம், பலரும் அப்படித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் அதன் ஜி-அலைப் பிளவுக்கு நான்கு கணுத்தளங்கள் (பிளவு சுழியாகும் தளங்கள்) உண்டு, அவற்றில் ஒன்று அந்த அச்சுக்குச் செங்குத்தான கிடைத்தளம். பிளவு மேல்நோக்கிய உந்தத்தைப் பொறுத்துக் குறி மாறும். படலம் மிக மெல்லியதாக இருந்தால் எலக்ட்ரான் மேலும் கீழும் எதிரொலித்து நிலையலையாகிவிடுகிறது, இரண்டு குறியும் சமமாகக் கலந்து பிளவு அடிபட்டுப்போகிறது. அதாவது மிகச் சுலபமாக வளரும் படலம்தான் உங்கள் நோக்கத்துக்கு மிகவும் உதவாத படலம்! வேறு முகத்தில் வளர்ப்பதா, பக்கவாட்டில் சந்தி அமைப்பதா என்பதை வளர்க்கும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

டி-அலைப் பொருளில் குறுகிய கம்பி வெட்டும்போதும் இதே கணக்குதான். பிளவின் வடிவம் ஒரு திசை உந்தத்தின் இருமடியிலிருந்து செங்குத்துத் திசை உந்தத்தின் இருமடியைக் கழித்தது என்று வைத்துக்கொள்வோம். கம்பியை அச்சின் வழியே வெட்டினால் அகலவாட்டில் எலக்ட்ரான் அடைபடுகிறது, அகலவாட்டு உந்தத்தின் இருமடி சுழியாக முடியாது, ஆகவே நீளவாட்டு உந்தம் சுழியாகும் இடத்திலும் ஒரு பிளவு மிஞ்சும். இந்தப் பிளவு வெளிக் காந்தப்புலம் செய்யும் வேலையைச் செய்துகொடுக்கும். 45 பாகை திருப்பி வெட்டினால் பிளவு இரண்டு உந்தங்களின் பெருக்கமாகிவிடும், அகலவாட்டு உந்தத்தின் சராசரி சுழி, அதனால் பிளவும் போயிற்று. இந்த இரண்டு கம்பிகளையும் ஒரே படலத்தில் வெட்டிவைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 4: மீக்கடத்தி எது?

நியோபியம் 9.2 கெல்வினில் மீக்கடத்தியாக மாறும், அதன் ஆற்றல் இடைவெளி (தனி எலக்ட்ரான் நிலைகளே இல்லாத ஆற்றல் பகுதி) 1.5 மில்லி எலக்ட்ரான்வோல்ட் வாக்கில் இருக்கும். ஈயம் 7.2 கெல்வின். அலுமினியம் 1.2 கெல்வின்தான், இடைவெளியும் 0.2 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் சுத்தமான இடைமுகம் (இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் எல்லை) தருவதில் அதை அடிக்க ஆளில்லை. அடுக்குப் பொருள்களோடு வேலை செய்தால் நியோபியம் டைசெலினைடு வசதியானது, உரித்தெடுத்து அப்படியே மேலே வைக்கலாம். 2020இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் குழு குரோமியம் டிரைபுரோமைடின் ஒற்றை அடுக்குத் தீவுகளை இதன் மேல் வளர்த்து, தீவின் விளிம்பில் இடவியல் நிலைக்கான அறிகுறியை ஊடுருவு நுண்ணோக்கியில் (STM) கண்டது.

வெளியிலிருந்து மீக்கடத்தியைச் சேர்க்காமல் அழுத்தத்தால் வரவழைக்கும் வழியும் உண்டு. குரோமியம் ஆர்சனைடு, மாங்கனீஸ் பாஸ்பைடு இரண்டிலும் காந்த ஒழுங்கை அழுத்தத்தால் நசுக்கிய இடத்தில் மீக்கடத்துத்திறன் தலைகாட்டியது, முதலாவதில் 2 கெல்வின் வாக்கில், இரண்டாவதில் 1 கெல்வின் வாக்கில். அழகான இயற்பியல். ஆனால் வைர அழுத்தக்கலத்துக்குள் இடவியல் நிலையைத் தேடுவது பெரும்பாடு, தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

படி 5: இடைமுகம்

காந்தப் படலத்தை வளர்த்து, வெளியே எடுத்து, வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோய் மீக்கடத்தியைப் பூசினால், நடுவில் ஓர் ஆக்சைடு அடுக்கு உட்கார்ந்துவிடும். கூப்பர் இணை அதைத் தாண்டுவது அரிது. முடிந்தவரை வெற்றிடத்தை உடைக்காமல் ஒரே இயந்திரத்தில் இரண்டையும் வளர்த்துவிடுங்கள். குறைக்கடத்திக் கம்பிகளில் 2015 வாக்கில் அலுமினியத்தை உடைக்காத வெற்றிடத்தில் படிகமாகவே வளர்க்கத் தொடங்கியதும்தான், அதுவரை குழம்பித் தெரிந்த தூண்டிய இடைவெளி (பக்கத்து மீக்கடத்தியால் கம்பிக்குள் வரும் இடைவெளி) சுத்தமான, கடினமான இடைவெளியாக மாறியது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: இடைமுகம் அளவுக்கு மீறி ஒன்றாகிவிடுவது. டெல்லூரைடு மேல் உலோகம் பூசினால் இரண்டும் வேதிவினை புரிந்து புதுச் சேர்மம் உருவாகலாம். பிஸ்மத் டெல்லூரைடு மேல் பல்லேடியம் வைத்தால் பல்லேடியம் டெல்லூரைடு உண்டாகலாம், அது 4.5 கெல்வினில் தானே மீக்கடத்தி. நிக்கலும் பிஸ்மத்தும் சேர்ந்தால் ஒரு பங்கு நிக்கலுக்கு மூன்று பங்கு பிஸ்மத் என்ற சேர்மம், அது 4 கெல்வின். உங்கள் மாறுநிலை வெப்பநிலை இந்த எண்களோடு ஒத்துப்போனால் உடனே சந்தேகப்படுங்கள். குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொரு தனிமமும் எங்கே நிற்கிறது என்று வரைபடம் எடுத்துவிடுங்கள். செலவுதான், ஆனாலும் செய்யுங்கள்.

இடைமுகத்தில் புதிதாக ஏதாவது தோன்றினாலே கெட்டது என்றும் நினைக்கவேண்டாம். 2024இல் வெளியான ஒரு வேலையில், எதிர்ஃபெர்ரோ காந்தமான இரும்பு டெல்லூரைடையும் குரோமியம் கலந்த காந்த இடவியல் காப்பானையும் (உள்ளே காப்பானாகவும் ஓரத்தில் கடத்தியாகவும் இருக்கும் பொருள்) ஒட்டவைத்தபோது, இரண்டும் தனித்தனியே மீக்கடத்திகளாக இல்லாதபோதும் இடைமுகத்தில் மீக்கடத்துத்திறன் வந்தது. ஒரே படலத்தில் மீக்கடத்துத்திறன், ஃபெர்ரோ காந்தம், இடவியல் பட்டைகள் மூன்றும் ஒன்றாக. கவனமாக அடுக்கு அடுக்காக வளர்த்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

படி 6: தூண்டிய மீக்கடத்துத்திறன்தானா?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மாங்கனீஸ் டெல்லூரைடு படலத்தின் மேல் மெல்லிய நியோபியம் பூசி, இரண்டு முனைகளில் இண்டியம் அழுத்திக் கம்பி ஒட்டி, குளிரவைத்துக்கொண்டிருந்தோம். 9 கெல்வினில் சின்ன இறக்கம், அது நியோபியம், எதிர்பார்த்ததுதான். 3.4 கெல்வினில் வரைகோடு சட்டென்று ஒரு படி கீழே விழுந்தது, கத்தியால் வெட்டியதுபோல. இரவு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தப் படலத்துக்குள் மீக்கடத்துத்திறன் வந்துவிட்டது என்று படம்கூட வரைந்தாயிற்று. மறுநாள் காந்தப்புலத்தை மெதுவாக ஏற்றினோம். 0.03 டெஸ்லாவிலேயே அந்தப் படி காணாமல் போனது, நியோபியத்தின் இறக்கமோ அசையவே இல்லை. 3.4 கெல்வினில் மாறும், 0.03 டெஸ்லா வாக்கில் சாகும் பொருள் இண்டியம். நாங்கள் அளந்தது எங்கள் தொடுமுனையை.

ஆகவே நான்குமுனை முறையில் (மின்னோட்டத்துக்கு இரண்டு முனை, மின்னழுத்தத்துக்கு வேறு இரண்டு) அளக்கவேண்டும், தொடுமுனைகளை மீக்கடத்தாத தங்கத்தில் வைக்கவேண்டும். ஈயம் கலந்த பற்றாசு 7 கெல்வின் வாக்கில் மாறும், அலுமினிய வயர் பாண்ட் 1.2 கெல்வினில் மாறும் என்பதையும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். பக்கத்திலேயே காந்தம் இல்லாத படலத்தில் அதே மீக்கடத்தியை அதே தடிமனில் பூசி, ஒரே ஓட்டத்தில் இரண்டையும் அளந்துவிடுங்கள்.

இடைவெளியைப் பார்க்க, மெல்லிய தடையைத் தாண்டும் எலக்ட்ரான்களை அளக்கும் ஊடுருவு நிறமாலைதான் நேரடி வழி. வெப்பநிலையைச் சரியாகக் கணக்கில் எடுங்கள்: எலக்ட்ரான்கள் 100 மில்லிகெல்வினில் இருந்தாலே ஓர் உச்சி 0.03 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு அகன்றுவிடும். ஃபிரிட்ஜ் 20 மில்லிகெல்வின் காட்டுகிறது என்பதற்காக எலக்ட்ரானும் அங்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. அளவுக்கம்பிகளுக்கு வடிகட்டி போடுங்கள், தெரிந்த அலுமினிய இடைவெளியின் அகலத்தை வைத்து எலக்ட்ரான் வெப்பநிலையைத் தனியே கண்டுபிடியுங்கள்.

படி 7: ஜோசப்சன் சந்தி

மீக்கடத்தி, காந்தம், மீக்கடத்தி என்று பக்கவாட்டில் சந்தி அமைத்து, நடுவில் உள்ள நீளத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். சாதாரண இணை என்றால் மின்னோட்டம் சீக்கிரம் அணையும். ஒரே திசை ஸ்பின் கொண்ட மும்மை இணையாக மாறினால் வெகுதூரம் போகும். இப்படி நடக்கலாம் என்று 2001இல் பெர்கெரெட், வோல்கோவ், எஃபெடோவ் கணித்தார்கள். 2006இல் குரோமியம் டைஆக்சைடில் 1 மைக்ரோமீட்டர் வரை மீமின்னோட்டம் கடந்துபோனது, அந்தப் பொருளில் ஒரே ஸ்பின் எலக்ட்ரான்கள்தான் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. முக்கோண ஸ்பின் அடுக்கு கொண்ட மாங்கனீஸ்-ஜெர்மானியம் சேர்மத்தில் 2021இல் 100 நானோமீட்டருக்கும் மேல் போனதைக் காட்டினார்கள், வெளியிலிருந்து திருகலான காந்த அடுக்கு எதையும் சேர்க்காமலே. ஸ்பின் அடுக்கின் திருகலே இணையை மாற்றிக்கொடுக்கிறது என்பது விளக்கம்.

ஆல்டர்மேக்னெட்டில் 2023 முதல் வந்த கணிப்புகள் வேறு மாதிரி. இணை ஓர் உந்தத்தைச் சுமந்துகொண்டு போகும், அதனால் சந்தியின் நீளம் கூடக்கூட மின்னோட்டத்தின் குறி மாறி மாறி வரும். ஃபெர்ரோ காந்தத்திலும் இது உண்டு, ஆனால் இங்கே சந்தி படிகத்தின் எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வரும் அல்லது வராது. கணுத் திசையில் அமைத்த சந்தியில் அந்தக் குறிமாற்றம் மறையவேண்டும். அந்தச் சந்தியையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

படி 8: இடவியல் நிலை

இதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு (எலக்ட்ரானின் ஸ்பின்னை அதன் இயக்கத்தோடு கட்டிப்போடும் விளைவு), ஸ்பின் பிளவு, மீக்கடத்துத்திறன். 2001இல் கிட்டயேவ் ஒற்றைச் சங்கிலி மாதிரியைக் கொடுத்தார், 2008இல் ஃபூவும் கேனும் இடவியல் காப்பான் மேல் மீக்கடத்தி வைக்கச் சொன்னார்கள், 2010இல் குறைக்கடத்திக் கம்பி யோசனை வந்தது. கம்பி வழியில் பெரிய தலைவலி வெளிக் காந்தப்புலம்: இடவியல் நிலைக்குப் புலத்தைக் கூட்டவேண்டும், கூட்டினால் மீக்கடத்தி சோர்ந்துபோகும். ஆல்டர்மேக்னெட் இந்தத் தலைவலிக்குத்தான் மருந்து. பிளவு பொருளுக்குள்ளேயே இருக்கிறது, நிகரக் காந்தம் இல்லாததால் சிதறிய புலம் மீக்கடத்தியைத் தொந்தரவு செய்யாது. இந்த வழியில், கம்பியின் முனைகளில் சுழி ஆற்றலில் உட்காரும் மாயோரானா நிலைகள் வரும் என்று பல கணக்கீடுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் பிளவு பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். குரோமியம் ஆன்டிமனைடின் பிளவு சில இடங்களில் 1 எலக்ட்ரான்வோல்ட் வரை போகும், தூண்டிய இடைவெளியோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு வேறுபாட்டில் சாதாரண இணை நிற்கவே நிற்காது. உங்களுக்கு வேண்டியது இடைவெளியைவிடக் கொஞ்சம் பெரிய பிளவு. ஆல்டர்மேக்னெட்டைக் கம்பியாகவே பயன்படுத்தாமல், மின்னோட்டத்தைக் கடத்தாத ஆல்டர்மேக்னெட்டைக் குறைக்கடத்தியின் பக்கத்தில் வைத்து, அதன் பிளவில் சிறு பங்கை மட்டும் கடன் வாங்குவது எனக்கு நடைமுறைக்கு நெருக்கமான வழியாகப் படுகிறது. எலக்ட்ரான்கள் நிரம்பும் ஆற்றல் மட்டத்தைக் கேட் (மேலே வைக்கும் கட்டுப்பாட்டு மின்முனை) மூலம் சரிசெய்துகொள்ளவும் முடியும்.

படி 9: சுழி மின்னழுத்த உச்சி தெரிந்தால்

கம்பியின் முனையில் கடத்துத்திறனை அளக்கும்போது சுழி மின்னழுத்தத்தில் ஓர் உச்சி தெரிந்தால் மாயோரானாதான் என்று மனசு துள்ளும். துள்ளட்டும், ஆனால் எழுதத் தொடங்காதீர்கள். சாதாரண ஆண்ட்ரேயேவ் நிலைகள் (மீக்கடத்தியின் எல்லையில் சிக்கிக்கொள்ளும் எலக்ட்ரான் நிலைகள்), காந்த அணுக்களைச் சுற்றி உருவாகும் நிலைகள், கோண்டோ விளைவு (தனித்த ஸ்பின்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் மறைப்பது) எல்லாமே அதே இடத்தில் அதே மாதிரி உச்சியைக் காட்டும். 2018இல் குறைக்கடத்திக் கம்பியில் குவாண்டமாக்கப்பட்ட உயரத்தோடு (மாயோரானாவுக்குக் கோட்பாடு சொல்லும் நிலையான உயரம்) வந்த புகழ்பெற்ற கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. காந்த இடவியல் காப்பானில் நியோபியம் வைத்து 2017இல் அறிவித்த, கடத்துத்திறனின் அரைக் குவாண்டப் படிநிலையும் இப்படித்தான்: அந்தக் கருவியமைப்பில் தொடுமுனை நன்றாக இருந்தாலே மாயோரானா இல்லாமலும் அதே படிநிலை வரும் என்று 2020இல் வேறு குழு காட்டியது, மூலக் கட்டுரை 2022இல் திரும்பப் பெறப்பட்டது.

உயரத்தை விட்டுவிட்டு வேறு மூன்றைப் பாருங்கள். இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் உச்சி வருகிறதா? ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளக்கும்போது கம்பியின் உள்ளே இடைவெளி மூடித் திறக்கிறதா? கேட்டின் மின்னழுத்தத்தைச் சற்றே மாற்றினால் உச்சி அப்படியே நிற்கிறதா, பிளக்கிறதா? அளந்த எல்லாத் தரவையும் வைத்துக்கொள்ளுங்கள், அழகாக வந்த வெட்டை மட்டும் எடுத்துக் காட்டாதீர்கள்.

மூன்றும் ஒத்துவந்தால், படி 3இல் 45 பாகை திருப்பி வெட்டிவைத்த இரண்டாவது கம்பியை எடுங்கள். அதே படலம், அதே மீக்கடத்தி, அதே அகலம், அதே குளிர்விப்பு, புலத்தில் குளிரவைத்த திசையும் அதே. முதல் கம்பியில் தெரிந்த உச்சி இதிலும் தெரிந்தால் அது ஆல்டர்மேக்னெட்டின் பிளவிலிருந்து வரவில்லை, படி 5க்குத் திரும்பி இடைமுகத்தைப் பாருங்கள். தெரியவில்லை என்றால் இன்னும் நான்கு ஜோடிகள் செய்யுங்கள், குளிர்விக்கும் புலத்தைத் திருப்பிவைத்து ஒவ்வொன்றையும் மறுபடி அளங்கள், கட்டுரையின் முதல் படத்தில் உச்சி வந்த கம்பியையும் வராத கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.